மூக்கடைத்த மார்கழி

16.12.2024, திங்கள்

மார்கழி பிறந்தாச்சு. நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர். எழுந்ததிலிருந்து தும்மல். காபியில் மணமே இல்லை. புதுத்தூள் என்கிறாள் இவள், என் வீட்டுக்காரி. எனக்கு வெறும் இனிப்புத் தண்ணீர்.

முதல் வேலை ஆலம்பட்டி. “ராத்திரியெல்லாம் கேஸ் வாடைண்ணே, பிள்ளைகளைத் தூக்கிட்டு வெளித்திண்ணையில படுத்தேன்” என்றது அந்தப் பெண். நல்ல காரியம் செய்தாய் என்றேன். உள்ளே போனேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. வாசற்படியிலேயே தெரிந்துவிடும் எனக்கு, கசிவு சின்னதா பெரிதா என்று. இன்று சும்மா நின்றேன். சோப்புத் தண்ணீர்தான் காட்டிக்கொடுத்தது. ரெகுலேட்டர் உட்காரும் வாயில் பொட்டுப் பொட்டாக நுரை. வாஷர் வெடித்திருந்தது. ஒரு ரூபாய்க் காசை விடச் சின்ன ரப்பர் வளையம். மாற்றினேன். மறுபடி நுரை போட்டேன். மறுபடியும் போட்டேன்.

மூக்கில்லாமல் இந்த கேஸ் மெக்கானிக் தொழிலா. கொரோனாவில் போனதுபோல இதுவும் போய்விடுமோ.

17.12.2024, செவ்வாய்

மூக்கு வரவில்லை. நொச்சி போட்டு ஆவி பிடித்தேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடை. சிலிண்டரைப் படுக்கப் போட்டு எரிக்கிறான். வீட்டுச் சிலிண்டர் வேறு, 14.2 கிலோ. கடைக்கு 19 கிலோ வாங்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. காலியாகிற சமயத்தில் சாய்த்தால் இன்னும் பத்துப் புரோட்டா வருமாம். நிற்கும் சிலிண்டரில் மேலே ஆவி, கீழே திரவம். படுக்கப் போட்டால் திரவமே ட்யூபுக்குள் இறங்கும். ஒரு சொட்டு வெளியே வந்தால் 250 சொட்டு இடத்துக்கு விரியும். நிமிர்த்தி வைத்தேன். கல்லாவில் இருந்தவர் முகம் கொடுக்கவில்லை. நான் தெரு திரும்பியதும் மறுபடி படுக்கப் போட்டிருப்பான்.

முட்டி வலி. குத்துக்காலிட்டே போகிறது ஆயுசு.

18.12.2024, புதன்

உசிலை ரோட்டு டீச்சர் கூப்பிட்டார்கள். மகன் பெங்களூரிலிருந்து கேஸ் கீசர் அனுப்பியிருக்கிறான். பெட்டி பிரிக்காமல் கூடத்தில் இருக்கிறது. “மார்கழிப் பனி தாங்கலப்பா, முட்டி மடக்க முடியல, பாத்ரூம்ல மாட்டிக் குடுத்துடு.”

பாத்ரூமைப் பார்த்தேன். அஞ்சுக்கு அஞ்சு. ஜன்னல் இல்லை. கதவுக்கு மேல் ஒரு சின்ன வென்டிலேட்டர், அதையும் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

மாட்டமாட்டேன் என்றேன்.

டீச்சர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர்கள். பின்பக்கம் வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடலாம், செலவு கொஞ்சம் கூடும் என்று சொன்னேன். மகனுக்கு போன் போட்டுக் கொடுத்தார்கள். “ஏங்க, மாட்டுறது உங்க வேலை. எங்க மாட்டணும்னு நான் சொல்றேன். இங்க பெங்களூர்ல எல்லா வீட்லயும் உள்ளதான் இருக்கு.”

அந்தப் பெங்களூரில்தானே குளிக்கப் போனவர்களைக் கதவை உடைத்து எடுக்கும்படி ஆகிறது. பேப்பர் படிக்கமாட்டானா? சொல்லவும் செய்தேன். வைத்துவிட்டான்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வேலை. இவளிடம் சொல்லவில்லை.

20.12.2024, வெள்ளி

மூக்கு இன்னும் அடைப்புதான். வலது பக்கம் கொஞ்சம் காற்று போகிறது. சூடத்தை மோந்து பார்த்தேன். இல்லை.

கரடிக்கல்லில் சோதனை வேலை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். வந்தாலே காசு பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் ட்யூபின் தேதி 2016. ஆரஞ்சு நிறம் வெளுத்து மண் நிறமாகிவிட்டது. விரலால் மடக்கினேன், பாளம் பாளமாக வெடிப்பு. உள்ளே கம்பி தெரிகிறது. எலி வேறு கடித்திருக்கிறது. “நல்லாத்தானே எரியுது?” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். எரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டிருப்பார். எரிகிறதே என்பதுதான் என் பயம்.

இன்னொரு வீட்டில் கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு. இன்னும் எரிகிறது. தகரம் துரு. ஆனால் பர்னரைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறது அந்தப் பாட்டி. தீ நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரித் தீயைப் பார்த்தால் முட்டி வலி தெரிவதில்லை.

22.12.2024, ஞாயிறு

மகள் ஹாஸ்டலிலிருந்து போன். பொங்கலுக்குப் பிறகு பீஸ் கட்டவேண்டும். குரலைக் கேட்டதும் “என்னப்பா மூக்கால பேசுற?” என்றாள். மணம் தெரியவில்லை என்றேன். பயந்துவிட்டாள். ஈ.என்.டி. பாருங்க என்றாள். பார்க்கலாம்.

கீசர் விஷயத்தைச் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லாததை மகளிடம் சொல்கிறேன். “மாட்டாதது சரிதாம்ப்பா” என்று பாடமே எடுத்தாள். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால்தான் மயக்கம், கால் துவளும், கதவைத் திறக்கக்கூட எழுந்திருக்க முடியாது. இந்த ஆகஸ்டில் கொடைக்கானலில் ரூமுக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிப்போன பையன்கள் இறந்தார்களே, அதுவும் இதுதானாம்.

நான் இத்தனை வருஷம் தீயின் நிறத்தை வைத்துத் தெரிந்துவைத்திருந்ததை, மகள் ரத்தத்தின் பக்கமிருந்து சொல்கிறாள். பெருமையாக இருந்தது. தூக்கம் வரவில்லை.

24.12.2024, செவ்வாய்

மூக்கு வரவில்லை.

சும்மா யோசனை. கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள், அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் வரட்டும், மனுஷன் எழுந்து ஓடட்டும் என்று. யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு. அந்த நாற்றம்தான் எனக்குச் சோறு. ஆனால் எரிந்தபிறகு அது இல்லை. எரிகிற கேஸ் காற்றில்லாமல் திணறும்போது வருகிற நஞ்சுக்கு எந்தக் கம்பெனியும் வாடை கலக்க முடியாது. இப்போது எனக்கு ரெண்டும் தெரியவில்லை.

டீச்சர் போன் எடுக்கவில்லை. கோபம்தான். இருக்கட்டும். நானாக இனி கூப்பிடமாட்டேன்.

25.12.2024, புதன்

டீச்சரைக் கூப்பிட்டேன். எடுத்தார்கள். “நல்லா இருக்கேம்ப்பா” என்றார்கள். கீசரைப் பற்றி நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கேக் கொடுத்தார்கள். ருசி இல்லை.

28.12.2024, சனி

ஊரெல்லாம் கேப்டன் விஜயகாந்த் போஸ்டர். இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. நம்ம திருமங்கலத்தில் பிறந்த மனுஷன். மேலக்கோட்டை போகும் வழியில் அன்னதானம், வரிசை நீளம்.

மேலக்கோட்டையில் புது வீடு. கிச்சன் ஷோரூம் மாதிரி இருக்கிறது. சிலிண்டரைக் கப்போர்டுக்குள் வைத்துக் கதவு போட்டிருக்கிறார்கள். அடியில் ஓட்டை கிடையாது. கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில் படியும், அந்தக் கப்போர்டுக்குள்ளேயே குளமாக நிற்கும். நூற்றுக்கு ரெண்டு பங்கு கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே பிரிட்ஜ். ஆசாரியைக் கூப்பிட்டு அடியில் ஓட்டை போடச் சொன்னேன். டிசைன் கெட்டுவிடும் என்றது வீட்டுக்காரம்மா. வாதாடினேன். குரல் உயர்ந்துவிட்டது. கடைசியில் அந்த வீட்டுத் தாத்தா வந்து, “அவரு சொல்றபடி போடுய்யா” என்று ஆசாரியிடம் சொன்னார். போட்டான். மனசு லேசானது.

சுவரில் மார்க்கரால் 1906 என்று எழுதிவிட்டு வந்தேன். கசிவு என்றால் ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம். புதுப் பெயின்ட் மேல் எழுதினதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

31.12.2024, செவ்வாய்

சிலிண்டர் போடும் தம்பி டீக்கடையில் சொன்னான்: “உசிலை ரோட்டு டீச்சரு இப்ப ரெண்டு சிலிண்டருண்ணே, ஒண்ணு கீசருக்காம்.”

டீ தொண்டையில் இறங்கவில்லை. யார் மாட்டியது? பாத்ரூம் வேலைக்கு வந்த பிளம்பர் பையனாம்.

நேராகப் போய்விடலாமா என்று வண்டியைத் திருப்பினேன். என்ன உரிமையில் போவது? மகன் சொன்னான், மாட்டினார்கள். எனக்கென்ன? வீட்டுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வெடிச் சத்தம். முழித்துத்தான் இருந்தேன்.

1.1.2025, புதன்

விடிந்ததும் போனேன்.

டீச்சர் குளித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக்கூடத் தெம்பில்லை. “நாலஞ்சு நாளா குளிச்சு வந்தா தலை சுத்துதுப்பா. வாந்தி வர்ற மாதிரி. அப்புறம் திண்ணைக்கு வந்து உக்காந்தா சரியாயிடுது. டாக்டர் பிரஷர் மாத்திரை கூட்டிக் குடுத்திருக்கார்.” விரலில் மாட்டுகிற மிஷினை எடுத்துக் காட்டினார்கள். “இது 98 காட்டுது பாரு. மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

பாத்ரூம் கதவைத் திறந்தேன். குளிர் வராமல் வென்டிலேட்டரில் அட்டைக்கு மேல் பாலிதீனும் ஒட்டியிருக்கிறது. கதவுக்கு அடியில் கோணிச் சாக்கு. கீசருக்கு மேல் சுவர் கருத்து, விரலை வைத்தால் கரி. குழாயைத் திறந்தேன். டிக் டிக் டிக், குப்பென்று பற்றியது. சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

மஞ்சள். நுனியெல்லாம் மஞ்சளாக ஆடுகிறது.

அஞ்சாறு பெரிய பர்னரைச் சேர்த்து எரிக்கிற தீ அது. ஒரு பங்கு கேஸுக்கு 25, 30 பங்கு காற்று வேண்டும். இந்தப் பொந்துக்குள் எங்கிருந்து வரும்? நிறுத்தினேன். ரெகுலேட்டரைக் கழற்றினேன். சிலிண்டருக்கு மூடி போட்டேன். கீசரின் ட்யூபையும் கழற்றிச் சுருட்டி என் பையில் வைத்துக்கொண்டேன், யாரும் மறுபடி மாட்டிவிடக்கூடாது என்று. கை நடுங்கியது.

“வெந்நீருக்கு என்னப்பா செய்வேன்?” என்றார்கள். குழந்தைபோல் கேட்டார்கள். அடுப்பில் அண்டாவை வைத்துக் காய்ச்சிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேஸ் கீசர் என்று டாக்டரிடம் நானே சொன்னேன். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள்.

மகனுக்குப் போன் செய்தேன். முதலில் கத்தினான். 98 இருந்ததே என்றான். மகளிடம் பேசச் சொல்லி நம்பர் கொடுத்தேன்.

2.1.2025, வியாழன்

மகள் சொன்னது. அந்த விரல் மிஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். ரத்தத்தில் மோனாக்சைடு ஒட்டியிருந்தாலும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டிவிடுமாம். ரத்தம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும். இதைத்தான் டீச்சர் மகனிடம் சொன்னாளாம். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.

எனக்கு அவன் போன் செய்யவில்லை. செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்று தெரியவில்லை.

மூக்கு: இல்லை.

4.1.2025, சனி

காலையில் வெங்காயம் தாளிக்கிற வாசனை! ஒரு நொடி. ஓடிப்போய் அடுப்படியில் நின்றேன். போய்விட்டது. இவள் சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் பயந்திருக்கிறாள் போல. எத்தனை வீட்டுக்குள் வாடை தெரியாமல் நுழைகிறானோ என்று.

நான் எந்த வீட்டிலும் நுரை போடாமல் வெளியே வரவில்லை என்று சொன்னேன். உண்மை.

7.1.2025, செவ்வாய்

ஜெட், நாப், வாஷர் வாங்க மதுரை போனேன். ஊர் பூரா டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்புப் பேச்சு. மேலூர்ப் பக்கத்து ஜனம் நரசிங்கம்பட்டியிலிருந்து நடந்தே தல்லாகுளம் வந்திருக்கிறது. பஸ்ஸெல்லாம் சுற்றி விட்டார்கள். எனக்கு நேரமாகிவிட்டது, ஆனால் கோபம் வரவில்லை. அவர்கள் மண்ணுக்கு அவர்கள் நடக்காமல் யார் நடப்பது?

ஸ்டேஷனைத் தாண்டும்போது அந்த நினைப்பு. 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து வந்த யாத்திரைப் பெட்டி. நாகர்கோவிலில் புனலூர் வண்டியில் கோத்து, நம்ம ஊர் ஸ்டேஷன் வழியாகத்தான் விடிவதற்கு முன் போயிருக்கிறது. நான் அப்போது ரயில் சத்தத்தில் புரண்டு படுத்திருப்பேன். மதுரையில் கழற்றி நிறுத்தினார்கள். உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டர். அஞ்சு மணிக்கு டீ போடப் பற்றவைத்தார்கள். பெட்டி எரிந்தது. 9 பேர் இறந்தார்கள். எத்தனையோ கோயில் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒரு டீ.

அன்று பேப்பரைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. போயிருக்கவேண்டும், அன்றுதான் வீடு வீடாகப் போயிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

9.1.2025, வியாழன்

டீச்சர் மகன் வந்துவிட்டான். பெங்களூர் பஸ்ஸில் இறங்கி நேராக என் வீட்டுக்கு. உள்ளே வரவில்லை, வாசலில் நின்று, “அண்ணே, எங்க மாட்டணுமோ அங்க மாட்டிக் குடுங்க” என்றான். என் வயசுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னப் பையன். தலை கலைந்து, கண் சிவந்து. இவள் காபி கொடுத்தாள். குடித்தான்.

எனக்கும் காபி. மணம் வந்தது. பாதி.

10.1.2025, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. டீச்சர் விரதம். நாங்கள் கொல்லைப்பக்கம் வேலை.

வெளிச்சுவரில், தகரச் சாய்ப்புக்குக் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடம். நல்ல ஜாகை. பாத்ரூம் சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே. கரியைத் துடைத்து, பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஜெட்டில் எட்டுக்கால் பூச்சி கூடு. அது பெட்டியிலேயே இருந்ததோ என்னவோ. சிலிண்டரை நேராக நிறுத்தினேன், சாக்கடைக் குழியிலிருந்து தள்ளி. காலர்த் தகட்டில் பி-27 என்று இருந்தது. “எக்ஸ்பைரியா?” என்று பையன் கேட்டான். காலாவதி இல்லை தம்பி, 2027 ஜூனுக்குள் மறுபடி சோதனைக்குப் போகவேண்டும் என்று அர்த்தம் என்றேன். ஏ, பி, சி, டி எல்லாம் மும்மூன்று மாசம்.

புது ட்யூப், ஒன்றரை மீட்டர். இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரை. பையனையே பார்க்கச் சொன்னேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு கொப்புளமும் இல்லை.

உள்ளே டீச்சர் குழாயைத் திறந்தார்கள். வெளியே பற்றியது. நீலம். பாத்ரூம் வென்டிலேட்டரில் இருந்த அட்டை, பாலிதீன் எல்லாவற்றையும் கிழித்தெறிந்து கொசுவலை அடித்துக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. மற்றதற்கு வாங்கினேன். பீஸில் கொஞ்சம் ஆச்சு.

11.1.2025, சனி

அந்தப் பிளம்பர் பையனைக் கப்பலூர் டோல்கேட் பக்கம் பிடித்தேன். அடிக்கிற ஆத்திரத்தில்தான் போனேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒரு கட்டிட வேலையில் குழாய் திரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். “பெட்டியில இருந்த ஆணிய வச்சு மாட்டுனேண்ணே. ஜன்னல் வேணும்னு யாருமே சொல்லலண்ணே.” உதடு வெளுத்துவிட்டது.

பெட்டிக்குள் இருக்கிற புத்தகம் தமிழில் இல்லை. அதை நானும் பார்த்தேன்.

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். மஞ்சள் தீ, கரி, காற்று, தலைவலி. வேறெங்கெல்லாம் மாட்டினாய் என்று கேட்டேன். போனைத் துழாவிப் பெயர்களைச் சொன்னான். சோதனைக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். தானும் வருகிறேன் என்றான். வா என்றேன்.

12.1.2025, ஞாயிறு

லீவு நாள். மூக்கு முக்கால்வாசி. முட்டிக்கு தைலம். நாளை போகி, செவ்வாய் பொங்கல், யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று இவள் சொல்கிறாள். பொங்கல் கழியட்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். பட்டியலை மறுபடி பார்த்தேன். பையன் ரெண்டரைக்கு வண்டியோடு வருகிறான். முதலில் சிவரக்கோட்டை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம், தினமும் வெந்நீரில் குளிப்பாட்டுகிறார்களாம்.